சாப்பாட்டுக் கரியரில் போன நானூற்றுப் பன்னிரண்டு மாலுமிகள்

முப்பத்தொரு வருட வேலையில் என் கையில் செத்த ஹார்ட் டிஸ்க்குகள் பதினேழு. வயதாகித் தானாகச் செத்தவை ஆறு, மின்வெட்டில் நான்கு, கீழே விழுந்து மூன்று, எறும்பு புகுந்து இரண்டு, பல்லியால் ஒன்று, பொலிஸ் நிலையத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் செத்த நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். மனிதர்களுக்கு இப்படிக் குறிப்பு வைத்தால் பாராட்டுவார்கள். டிஸ்க்குக்கு வைத்தால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து கவிதா என்ற பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டது. நான் இருந்த கதிரையில் இப்போது அவர்தான் இருக்கிறார்.

"அங்கிள், எங்கட ரெக்கோட் எல்லாம் கிளவுட்டுக்குப் போட்டுது. இனி ஒண்டும் அழியாது."

"எத்தினை பிரதி பிள்ளை?"

"அது தெரியாது அங்கிள்."

"எங்க இருக்கு?"

"அங்கதான்."

நான் எழும்பிப் போய் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவர் லைனில் காத்திருந்தார். நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு மூன்று பக்கத்தில் 'இனிமையான நினைவுகள்' எழுதித் தரச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன். இனிமையானவை இரண்டுதான் தேறின. ஆகவே இதை எழுதுகிறேன்.

நான் கொம்பியூட்டர் படித்தது கொழும்பு பம்பலப்பிட்டியில், மூன்று மாதம். இருபத்தாறு பேருக்கு ஒரு மெஷின். என் முறை நான்கு தடவை வந்தது, அதில் ஒரு தடவை கரண்ட் இல்லை. மீதியைக் கரும்பலகையில் படித்தோம். கீபோர்டையும் கரும்பலகையில்தான் வரைந்தார்கள். அந்தத் தகுதியோடு கொட்டாஞ்சேனையில், இருபத்திரண்டு படி ஏறிப் போகும் ஒரு மாடி அலுவலகத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டுக் கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் அது.

மாலுமி ஒருவனின் சொத்து அவன் கடலில் இருந்த நாட்கள்தான். எந்தக் கப்பலில் என்றைக்கு ஏறினான், என்றைக்கு இறங்கினான் என்பதை அவனுடைய புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அந்த நாட்கள் கூடக் கூடத்தான் பதவி உயரும். அதே நாட்களை எங்கள் மெஷினிலும் பதிந்து வைத்தோம். நான் சொல்லப்போகும் வாரத்தில் மெஷினுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

மேலதிகாரி மிஸ்டர் கசிமிர். கொட்டாஞ்சேனையில் பிறந்து, பத்தொன்பது வருடம் கப்பலில் அதிகாரியாக இருந்து, முழங்கால் தேய்ந்து கரையேறியவர். குரலை உயர்த்தியதே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கப்பல் தளத்தில் நிற்பவர் போல, என் கதிரைக்குப் பின்னால் நிற்பார். ஒரு மனிதன் பின்னால் நின்று சும்மா மூச்சுவிடுவதே எவ்வளவு பெரிய தண்டனை என்பதை அவரிடம்தான் அறிந்தேன். தினமும் மாலை நான்கு பத்துக்கு ஒரே கேள்வி:

"சிவா, இன்டைக்கி எரிஞ்சா நாளைக்கி என்ன இருக்கும்?"

பிரதி என்ற சொல் அவர் வாயில் வராது. லைஃப் போட் என்பார். "கப்பல் தாழாதுன்னு நெனக்கிறவன் கப்பல்ல ஏறவே கூடாது" என்பார். யுத்த காலம். துறைமுகத்துப் பக்கம் டயர் வெடித்தாலே எல்லோரும் மேசைக்குக் கீழே போய்விடும் காலம். அவர் கேள்வியில் பிழை சொல்ல முடியாது.

அவர் வகுத்த முறை இதுதான். கழற்றக் கூடிய டிஸ்க்குகள் இரண்டு, 'ஏ', 'பி' என்று பெயர். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மெஷினில் உள்ளதை ஒன்றில் பிரதி எடுக்க வேண்டும். முடிந்ததும் கசிமிர் மனதில் தோன்றிய மூன்று மாலுமிகளின் பெயர்களைச் சொல்வார். அந்த மூவரையும் பிரதியிலிருந்து எடுத்துத் திரையில் காட்ட வேண்டும். மெஷினில் உள்ளதோடு ஒரு நாள் பிசகினாலும் முழுப் பிரதியும் திரும்ப எடுக்க வேண்டும். "திறந்து பாக்காத லைஃப் போட், லைஃப் போட் இல்ல. அது பெயின்ட் அடிச்ச மரம்." பிறகு லொக் புத்தகத்தில் நேரமும் கையெழுத்தும். பிறகு அந்த டிஸ்க்கை நான் வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோவேன். திங்கட்கிழமை போன வாரத்து டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவருவேன். அது வந்து சேரும்வரை அந்த வாரத்துப் படிவம் ஒன்றையும் கிழிக்கக் கூடாது. இரண்டு தட்டு நிறையத் தாள் கிடக்கும். நான் மனதுக்குள் திட்டுவேன்.

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால் வெள்ளவத்தையில் இறங்கலாம். இடையில் சோதனைச் சாவடிகள் குறைந்தது மூன்று, கூடியது ஆறு. என் சிங்களம் மீன் வாங்கப் போதும், ஹார்ட் டிஸ்க்கை விளங்கப்படுத்தப் போதாது. கசிமிர் சிங்களத்தில், முத்திரையோடு ஒரு கடிதம் தந்திருந்தார். 'இவர் எமது நிறுவனத்தின் கணினிப் பதிவுகளைத் தோல் பையில் எடுத்துச் செல்கிறார்' என்று இருக்கும். ஐம்பத்தெட்டு வெள்ளிக்கிழமை அப்படியே போனது. ஐம்பத்தொன்பதாவது வெள்ளி, பையிலிருந்து வயர் நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த அம்மா குண்டு என்று கத்தினார். பஸ்ஸில் நாற்பத்து மூன்று பேர். இரண்டு வாசலாலும் குதித்துவிட்டார்கள். சாரதி எல்லோருக்கும் முதல்.

வீட்டில் சொன்னேன். மனைவி யோசனை சொன்னார்.

"இஞ்சாருங்கோ, சாப்பாட்டுக் கரியருக்குள்ள வைச்சுக் கொண்டுவாங்கோவன். மேல் தட்டில மிச்சக் கருவாட்டுக் கறி கிடந்தா ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம்."

குற்றமில்லாத பொருளை ஒளித்துக் கொண்டுபோவது என்பது அந்த நாட்களில் கொழும்புத் தமிழனுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. நான் உடனே சம்மதித்தேன். மூன்று தட்டுக் கரியர். மேலே கருவாடு, நடுவில் வெறும் தட்டு, கீழே துவாயில் சுற்றிய டிஸ்க். பதினொரு வாரம் ஒரு கேள்வியும் இல்லை. பன்னிரண்டாவது வாரம், வெள்ளவத்தைக்குப் போகும் பெரிய சாலையான காலி வீதியில் ஒரு கான்ஸ்டபிள் அகப்பட்டார். அவருக்குக் கருவாடு பிடிக்கும்.

முகர்ந்து பார்த்துச் சிரித்தார். இன்னும் என்ன இருக்கிறது என்று கீழே திறந்தார். சிரிப்பு நின்றது.

"மேக்க மொக்கத?"

என்ன இது என்று கேட்கிறார். நான் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை முழுதாகப் படித்தார். தோல் பை என்ற இடத்தில் விரலை வைத்தார். கரியரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏயி பத் பெட்டியே?"

ஏன் சோற்றுப் பெட்டிக்குள்?

வெள்ளியிலிருந்து திங்கள் வரை பொலிஸ் நிலையத்தில் இருந்தேன். கம்பிகள் பதினொன்று, உள்ளே என்னோடு நான்கு பேர், எல்லோரும் லொட்ஜில் தங்கியதற்காகப் பிடிபட்ட தமிழ்ப் பொடியன்கள். என் மேல் போட்ட சந்தேகம் அவர்களுக்குத்தான் பெரிய பொழுதுபோக்கு. "அண்ணை, கருவாட்டுக் குண்டு எண்டு பேப்பரில வரும்" என்றான் ஒருவன். சனிக்கிழமை என் வீட்டைச் சோதித்து, அலுமாரியில் இருந்த மற்ற டிஸ்க்கையும் எடுத்து வந்தார்கள். இரண்டும் ஒரே அலுமாரியில், என் கண்ணெதிரே பூட்டப்பட்டன. எனக்கு என்னைப் பற்றிய கவலையைவிட அதுதான் பெரிதாக இருந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

திங்கள் காலை கசிமிர் வந்து, யார் யாரோடோ கதைத்து, என்னை வெளியே எடுத்தார். டிஸ்க்குகளைத் தரவில்லை. 'இரும்புப் பெட்டி 2, வயருடன்' என்று பற்றுச்சீட்டு. கரியரில் இரண்டு தட்டுத்தான் திரும்பி வந்தது. ஓட்டோ கொட்டாஞ்சேனை வந்த பிறகு கசிமிர் கேட்டார்.

"லைஃப் போட்ல மீன் ஏத்துனீங்களா சிவா?"

"ஓம் சேர்."

"ம்."

புதன்கிழமை காலை மெஷினுக்குள் 'டிக், டிக்' என்று சத்தம். நகத்தால் மேசையைத் தட்டுவது போல. கசிமிர் குனிந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல உள்ளங்கையை வைத்தார். பத்து இருபதுக்கு அது நின்றது. திரையில் ஒன்றும் இல்லை. மெஷினுக்குள் இருந்த டிஸ்க் போய்விட்டது, பிரதிகள் இரண்டும் பொலிஸில்.

"ரெண்டு லைஃப் போட்டையும் ஒரே பக்கத்துல கட்டிட்டாங்க" என்றார் கசிமிர்.

அந்த நேரம் வாசல் பெஞ்சில் ஜெரோம் இருந்தான். மட்டக்குளிக்காரன். போன மாத வெள்ளத்தில் அவன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, அவனுடைய மாலுமிப் புத்தகம் கஞ்சியாகிவிட்டது. எட்டு மாதமாகக் கரையில் இருந்தவனுக்கு இப்போது ஒரு கப்பலில் போசன், அதாவது தளத்து ஆட்களுக்குத் தலைவன், வேலை வந்திருந்தது. அவன் கடலில் இருந்த நாட்களுக்கு நாங்கள் கடிதம் கொடுத்தால்தான் கப்பல்காரன் ஏற்றுவான். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குத் துறைமுகத்தில் லோஞ்ச், கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகு, வரும். விட்டால் இன்னொருவன் ஏறிவிடுவான்.

அந்தக் கடிதம் போன வியாழக்கிழமையே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் நான். மெஷின் கூட்டினால் 2,192 நாள் வருகிறது. நான் கையால் எண்ணினால் 2,191. ஒரு நாள் உதைக்கிறது. மூன்று தரம் எண்ணியும் சரிவராமல், புதன் வா என்று சொல்லிவிட்டேன். அப்போது அவன் சொன்னது நினைவிருக்கிறது.

"ஒரு நாளுக்காக ஆளப் போட்டுக் கொல்றீங்களே அண்ணே. அந்த நாள நீங்களே வச்சிக்கங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

இப்போது செத்த மெஷினைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"என்ட நாளெல்லாம் இதுக்குள்ளயா அண்ணே?"

நான் மேசையில் பென்சில்களை அடுக்கினேன்.

வியாழக்கிழமை பொலிஸுக்குப் போனோம். சார்ஜன்ட் சோமபால பெரிய மனிதர், நிதானமானவர். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தரமுடியாது என்றார். அவர்களிடம் மெஷின் இல்லை, டைப்ரைட்டர்தான். ஆகவே திரும்பிப் போய் எங்கள் மெஷினையும் திரையையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். சார்ஜன்டின் மேசையில் வைத்து, ஃபிளொப்பி ஒன்றால் எழுப்பினேன். டிஸ்க்குகளைக் கேட்டேன். 'ஏ' அலுமாரியில் இருந்து வந்தது. 'பி' கதவடியில் இருந்து வந்தது. காற்றுக்குக் கதவு அடிக்கிறது என்று யாரோ முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கதவும் அதன் மேல் தன் கோபத்தைத் தீர்த்திருந்தது. மாட்டிப் பார்த்தேன். 'பி' சுற்றவே இல்லை. கடைசி வாரம் அதனோடு போனது.

'ஏ' சுற்றியது. சுற்றி நின்றவர்கள் சார்ஜன்டோடு ஏழு பேர். கசிமிர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிங்களத்தில், வெள்ளிக்கிழமைகளில் என்னிடம் சொல்லும் அதே குரலில் சொன்னார்: "ஒரு பெயர் சொல்லுங்கள்."

சார்ஜன்ட் யோசித்தார். தன் தங்கையின் புருஷன் விமல் எங்கள் நிறுவனத்தால் கப்பலுக்குப் போனவன் என்றார். "இப்போதும் கடலில்தான். ஒரு வருடமாகிறது. பாவம்."

தட்டினேன். விமல் வந்தான். கப்பல் பெயர் சரி, ஏறிய நாள் சரி. அடுத்த வரியில், இறங்கிய நாள் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முந்திய மார்ச் பதினான்கு. இறங்கிய இடம் கொழும்பு.

ஏழு பேரும் வாசித்தார்கள். பின்னாலிருந்து ஒரு கான்ஸ்டபிள், இறங்கியும் கடலில்தான் என்றால் விமல் கப்பலுக்குப் பின்னால் நீந்திக்கொண்டிருக்கிறானா என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பதிவு சரிதான்" என்றார் கடைசியில். "எனக்குக் கொஞ்ச நாளாகச் சந்தேகம் இருந்தது."

அந்த நிமிடம் கரண்ட் போனது. சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க் உள்ளே ஒரு முனகல் முனகி அடங்கியது. இன்னொருவன் குடும்பத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததற்கு எனக்கு அங்கேயே தண்டனை என்று நினைத்தேன்.

பொறுப்பதிகாரி கையெழுத்து வைக்க வெள்ளி பதினொன்றரை ஆகிவிட்டது. அலுவலகம் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். ஜெரோம் பெட்டி படுக்கையோடு பெஞ்சில் இருந்தான். அவன் மனைவியும் இருந்தாள். புது டிஸ்க் ஒன்று தயாராக இருந்தது. 'ஏ'யை மாட்டினேன். சுற்றியது. சுற்றும்போது நடுநடுவே 'டிக்' என்றது.

விதி தெளிவானது. மிஞ்சியிருக்கும் ஒரே பிரதியைத் தொடக் கூடாது. முதலில் அதைப் பிரதி எடுக்க வேண்டும், பிறகுதான் வேலை. இந்த விதியை எனக்குத் தலையில் அடித்துச் சொல்லித்தந்தவர் என் பின்னால் நிற்கிறார். பிரதி எடுக்க ஒன்றே முக்கால் மணித்தியாலம். ஜெரோமின் ஆறு கப்பல்களையும் தேடி எடுத்துக் கடிதம் அடிக்க இருபத்தைந்து நிமிடம். இந்த டிஸ்க்கில் அவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறதா என்று கடவுளுக்குத்தான் தெரியும். இருபத்தைந்து நிமிடத்தை இவனுக்குச் செலவழித்தால் மற்ற நானூற்றுப் பதினொரு பேருக்கு என்ன மிஞ்சும்?

"சேர், முதல்ல கொப்பி எடுக்கவோ?"

கசிமிர் டிஸ்க்கைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தார்.

"ஆள முதல்ல ஏத்துங்க சிவா. பெட்டிய பொறகு ஏத்தலாம்."

தட்டினேன். ஆறு கப்பல்களும் வந்தன. கூட்டினால் மீண்டும் 2,192. அப்போதுதான் கண்ணில் பட்டது. சிங்கப்பூரில் காலையில் ஒரு கப்பலில் இறங்கி, மாலையில் இன்னொன்றில் ஏறியிருக்கிறான். அந்த நாள் இரண்டிலும் இருந்தது.

"சேர், இந்த நாளை எப்பிடி எண்ணுறது?"

"அன்னைக்கி அவன் எத்தன தரம் கடல்ல இருந்தான்?"

"ஒரு தரம்தான் சேர்."

"அப்ப ஒண்ணு."

ஒரு வாரம் நான் தலையைப் பிய்த்த கணக்கு நான்கு விநாடியில் முடிந்தது. 2,191 என்று அடித்து, முத்திரை குத்தினோம். ஜெரோம் கடிதத்தை வாங்கிப் படித்தான்.

"ஒரு நாள எடுத்துட்டீங்கதானே?"

"எடுத்திட்டன்."

"நான்தான் தந்தேனே" என்று சிரித்தான். படியில் இறங்கும்போது திரும்பினான். "அண்ணே, இன்னொரு கொப்பி தாங்க. தெஹிவளைல மாமியார் வீட்டுல வைக்கிறதுக்கு. அங்க தண்ணி வராது."

கசிமிர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அதற்கு முன் பார்த்ததில்லை. இனிமையான நினைவு இரண்டு என்றேன் அல்லவா, அதில் ஒன்று இது. லோஞ்சைப் பிடித்துவிட்டான். ஒரு மணிக்கு நான்கு நிமிடம் இருந்ததாம்.

பிரதி எடுக்கத் தொடங்கினோம். ஒரு மணித்தியாலம் நாற்பத்திரண்டு நிமிடம் ஓடியது. பிறகு 'டிக்' கூடியது. பிறகு நின்றது. புது டிஸ்க்கில் நானூற்று மூன்று பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒன்பது பேர் வரவில்லை. இருபத்தைந்து நிமிடம் முந்தித் தொடங்கியிருந்தால் வந்திருப்பார்கள், கணக்கு அவ்வளவுதான். 'பி'யோடு போன கடைசி வாரத்துப் பதிவுகள், நான் திட்டித் திட்டிக் கிழிக்காமல் வைத்திருந்த தாள்களில் முழுதாகக் கிடந்தன. இரண்டு நாளில் அடித்து முடித்தேன். ஒன்பது பேருக்குக் கடிதம் போட்டோம்: உங்கள் புத்தகத்தோடு வந்து எங்களுக்கு நாட்களைத் திருப்பித் தரவும்.

மூன்றாவது வாரம் ஒருவன் இருபத்திரண்டு படியையும் எட்டுப் பாய்ச்சலில் ஏறி வந்தான். கையில் எங்கள் கடிதம். நெற்றியில் ஒரு சின்னப் பிளாஸ்டர். விமல். மார்ச் பதினான்கு என்று பொலிஸுக்குச் சொன்னது எவன் என்று சிங்களத்தில் கத்தினான். அந்தப் பதிவைக் காட்டு, அது பொய் என்றான்.

"உங்களுடைய பதிவு எங்களிடம் இல்லை" என்றேன். உண்மை. ஒன்பது பேரில் அவனும் ஒருவன்.

கத்தல் நின்றது. கதிரையில் இருந்தான். "அப்போ என் நாட்கள்?"

கடைசிக் கப்பலின் பக்கம் தவிர மற்றப் பக்கங்கள் அவன் புத்தகத்தில் சரியாக இருந்தன. அந்த ஒரு பக்கத்தில் தேத்தண்ணீர் கொட்டிவிட்டதாம். நான் பேனையை எடுத்து, இறங்கிய நாள் எது என்று கேட்டேன். கூரையைப் பார்த்தான். ஓகஸ்ட் என்றான். கூடுதலாக ஐந்து மாதக் கடல்.

"மார்ச் பதினான்கு" என்று எழுதினேன்.

"பதிவு இல்லை என்றாயே!"

"எங்களிடம்தான் இல்லை. உங்கள் மச்சானிடம் இருக்கிறது. அவரோடு நின்ற ஆறு பேரிடம் இருக்கிறது. வீட்டில் உங்கள் மனைவியிடமும் இருக்கும்."

அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தான்.

மாலை நான்கு பத்துக்குக் கசிமிர் வந்து பின்னால் நின்றார். அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. லொக் புத்தகத்தை இழுத்து, விமலின் பெயருக்கு நேரே தன் சின்ன எழுத்தில் எழுதினார்: 'பிரதிகள் எட்டு. எல்லாம் கட்டடத்துக்கு வெளியே.'